எட்டுக் கம்பிகள்

காலையிலிருந்து ஆறாவது முறையாக நாகநாதன் பென்டிரைவை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனான். கொடுத்துவிட்டு வர அரை நிமிஷம் போதும். இந்த முறை கால் மணி நேரம் ஆயிற்று. அடுப்படியில் அவன் மனைவி சந்திரலேகா குழம்பைக் கிளறாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாண வீடியோ எடுத்து வீட்டிலேயே எடிட் செய்கிறவன் அவன். முன்னறையில் அவன் கம்ப்யூட்டர். உள்ளறையில் இருக்கும் இன்னொன்றில் ஆல்பம் டிசைன் செய்ய அரியக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறாள் சுபா. பழைய காலத்து வாடகை வீடு. ஒரு முழக் கனமுள்ள சுவரைத் தாண்டி வைஃபை எட்டாததால், படங்களெல்லாம் பென்டிரைவில்தான் போய்வந்தன. வந்த அன்றே சந்திரலேகாவை அக்கா என்ற சுபா, நாகநாதனை அண்ணன் என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. சார்தான். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை என்று சந்திரலேகாவுக்கே தெரியும். தெரிந்து என்ன, வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

"ரெண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவுல ஒரு வயரை இழுத்துட்டா, இப்படி நடையா நடக்க மாட்டீகள்ல" என்றாள் சோறு போடும்போது.

"சுவத்து ஓட்டையில ஜாக் வச்ச வயர் நுழையாது. வெறும் வயரை விட்டு, நாமளேதேன் ரெண்டு முனையிலயும் ஜாக் அடிக்கணும்."

"அடிங்களேன்."

மறுநாள் வயரும் ஜாக்கும் அதை இறுக்கும் குறடும் வாங்கி வந்தான். முன்னறை முனைக்குச் சந்திரலேகாதான் டார்ச் பிடித்தாள். போனில் வீடியோவைப் பார்த்துப் பார்த்து, வயருக்குள்ளிருந்த எட்டுக் கம்பிகளையும் நிற வரிசையில் வைத்து இறுக்கினான். சரியாகச் சேர்ந்தால் சொருகிய இடத்தில் பச்சை விளக்கு எரியும், வயரில் ஏதாவது போய்வரும்போது மட்டும் அது துடிக்கும் என்றது வீடியோ. உள்ளறை முனைக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. அவரைக்காய்த் தட்டோடு அந்த அறை வாசற்படியில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

தரையில் முழங்கால் இடிக்க இருவரும் இருந்தார்கள். அவன் கம்பிகளைப் பிடித்திருக்க, சுபா ஒவ்வொன்றாக நகத்தால் நீவி நேராக்கினாள். அவன் நடக்க வேண்டாமென்று அவள் கேட்ட வயர், இப்படி உட்கார வைத்துவிட்டது. சுபா ஏதோ மெதுவாகச் சொன்னாள். அவன் சிரித்தான். சிரித்தபடியே ஜாக்கைச் சொருகி இறுக்கினான்.

மாட்டினார்கள். விளக்கு எரியவில்லை.

"எந்தக் கம்பின்னு தெரியலையே சார்."

"விடு. நாளைக்கு மறுபடி உக்காந்து பாப்போம்."

மறுபடி உட்காருவது. சந்திரலேகா தட்டைக் கீழே வைத்தாள்.

"வெள்ளப் பச்சைக்குப் பக்கத்துல நீலம் வரணும். நீங்க பச்சைய வச்சிருக்கீக."

அவன் கையிலிருந்து குறட்டை வாங்கி, ஜாக்கோடு முனையை வெட்டியெறிந்தாள். உறையைச் சீவி, போனைப் பார்க்காமலே எட்டையும் வரிசையாக அடுக்கிப் புது ஜாக்கில் சொருகி அழுத்தினாள். மாட்டியதும் பச்சை விளக்கு எரிந்தது.

சுபா அவளையே பார்த்தாள்.

"அக்கா, அங்கிட்டு உக்காந்து இவ்வளவையும் பாத்துக்கிட்டா இருந்தீக?"

கேலி இல்லை, வியப்புத்தான். ஆனாலும் சந்திரலேகாவுக்குக் காதுமடல் சுட்டது. நாகநாதன் அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு, சட்டென்று திரைப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் சிதறிக் கிடந்த கம்பித் துணுக்குகளை உள்ளங்கையில் பொறுக்கினாள்.

சாயங்காலம்வரை அவன் முன்னறையில் தன் இடத்தைவிட்டு எழவில்லை. சந்திரலேகா டீ கொண்டுபோனாள்.

"படமெல்லாம் அங்குட்டுப் போயிருச்சாங்க?"

"அப்பவே போயிருச்சே."

கம்ப்யூட்டருக்குப் பின்னால், வயர் சொருகிய இடத்தில், அந்தச் சின்னப் பச்சை விளக்கு விட்டு விட்டுத் துடித்துக்கொண்டே இருந்தது. டம்ளர் கையைச் சுட, அதையே பார்த்தபடி அவள் நின்றாள்.