ஷிஸுனோ வீட்டு ஃபிரிட்ஜும் ஒசாகா டைமரும்

1

ஐஸ் கேட்கப் போன இடத்தில் இந்தக் கதை கிடைத்தது. எனக்கு வேண்டியிருந்தது ஐஸ்தான்.

ஜூலை மாதம், செவ்வாய்க்கிழமை. டோக்கியோவின் முகோஜிமாவில் எங்கள் சந்தில் பூனைகூட நிழல் பார்த்து நடந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு ஷிஸுனோ அம்மாள் கதவைத் திறந்து, "ஐஸா? பின்னாடி மலை மாதிரி இருக்கு, எடுக்கத்தான் முடியாது. முன்னாடி வச்ச டோஃபுவுக்கு வேர்க்குது," என்றார்.

விஷயம் இதுதான். ஃபிரிட்ஜின் உட்சுவருக்குப் பின்னால் பனி பிடிக்கும். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு சின்ன டைமர் விழித்து, சூடேற்றி, அந்தப் பனியை உருக்கும். அந்த டைமர் செத்துவிட்டது. பனி வளர்ந்து வழியை அடைத்துவிட்டது. குளிர் பின்னால், வெயில் முன்னால்.

2

முதல் தொடக்கம்: "நவீன மனிதனின் தனிமை, ஒரு குளிர்பதனப் பெட்டியின் இருளைப் போல..."

(விட்டுவிட்டேன். ஃபிரிட்ஜைத் திறந்தால் விளக்கு எரியும்.)

இரண்டாவது தொடக்கம்: "எழுபத்தொரு வயது ஷிஸுனோவும் இருபத்தொன்பது வயது ஃபிரிட்ஜும் ஒரே கோடையில் தளரத் தொடங்கினார்கள்."

குறியீடு! இப்படி ஒன்று அமைந்தால் எழுத்தாளனுக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடிவிடும். அம்மாளிடமே படித்துக் காட்டினேன். அவர் பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தவில்லை. "எனக்குப் பார்ட்ஸ் போனவருஷமே மாத்தியாச்சு. இடுப்பு. நல்லா ஓடுது. ஃபிரிட்ஜைப் பத்தி எழுதுங்க," என்றார்.

மூன்றாவது தொடக்கம், உப்புச்சப்பில்லாதது, ஆனால் உண்மை: ஞாயிற்றுக்கிழமைக்குள் ஃபிரிட்ஜ் ஓடாவிட்டால் ஷிஸுனோ அம்மாள் அந்த வீட்டைவிட்டுப் போக வேண்டும்.

3

புதியது வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். சந்திலும் கேட்டார்கள். கடைக்காரர் ஆள் அனுப்பி வாசல் நடையை அளந்தார். எழுபத்தைந்து சென்டிமீட்டர் நடை. இடுப்பு அறுவைக்குப் பிறகு அம்மாள் பிடித்து நடக்கச் சுவரில் கைப்பிடிக் கம்பி போட்டிருந்தது. அது எட்டு சென்டிமீட்டரைத் தின்றுவிட்டது. மிச்ச வழியில், ஹோட்டல் அறைக் குட்டிப் பெட்டியைத் தவிர, இன்றைய ஃபிரிட்ஜ் எதுவும் நுழையாது. கம்பியைக் கழற்றலாம். அது முதியோர் காப்பீட்டில் போட்ட கம்பி. கழற்ற விண்ணப்பம் வேண்டும், முதியவர் ஏன் இனிமேல் விழமாட்டார் என்பதற்கு விளக்கம் வேண்டும்.

பழைய ஃபிரிட்ஜுக்கோ கம்பெனி ஆள் வந்து பார்த்து, உற்பத்தி நின்று ஒன்பது வருஷம்வரைதான் பாகம் வைத்திருப்போம், அதுவும் முடிந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று மூன்று முறை குனிந்து மன்னிப்புக் கேட்டுப் போய்விட்டார்.

அந்தக் கம்பியைப் போட ஏற்பாடு செய்தவர் மகன் நொரியாகி. டோக்கியோவுக்கு அடுத்த சைதாமாவில் இருக்கிறார். அவர் போனில் சொன்னது: "பழசுக்குப் பார்ட்ஸ் இல்ல, புதுசு உள்ள வராது. இந்த வெயில்ல ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுல உன்னை விட்டுட்டு நான் எப்படிம்மா தூங்குவேன்? ஞாயித்துக்கிழமை வர்றேன். அதுக்குள்ள ஓடலைன்னா அந்த முதியோர் குடியிருப்புக்குக் கையெழுத்துப் போட்டுடலாம்."

அம்மாள் சரி என்றுவிட்டார். போன கோடையில் அதே சந்தில் ஒருவர் வெயிலில் மயங்கிக் கிடந்தது மகனுக்கும் தெரியும்.

(நொரியாகியை வில்லனாக்க இரண்டு பக்கம் முயன்றேன். தினமும் காலை ஏழு மணிக்கு அம்மாவுக்குப் போன் செய்து என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிறவரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை.)

4

தேடல். இங்கே ஒரு சாகசப் பயணம் வந்திருக்க வேண்டும். வந்தது ஒரு பூதக்கண்ணாடி.

செத்த டைமர் தீப்பெட்டி அளவு. மின்சாரம் இணைக்க நான்கு முள், இரண்டு திருகாணித் துளை. புதன்கிழமை முழுக்க அம்மாள் போனில் பழைய டைமர்களின் படங்களைப் பார்த்தார். ஒன்றில் முள் மூன்று. இன்னொன்றில் முள் சரி, துளை சரியில்லை. மாலை நான்கு மணிக்கு, பழைய ஃபிரிட்ஜ்களைப் பிரித்து விற்கும் ஒசாகாப் பெண்மணி ஊஓஸுமியிடம் அதே டைமர் இருந்தது. அவர் அதை, முதலிலிருந்து எண்ணத் தொடங்கும்படி, சுழியத்தில் திருப்பி வைத்து அன்றைக்கே கூரியரில் போட்டார்.

(ஒசாகாக்காரர்கள் பேச்சு டோக்கியோ காதுக்கு வேறு மாதிரி. இயந்திரத்தோடு புழங்கி, வியாபாரத்தையும் மரியாதையையும் ஒரே மூச்சில் பேசுகிறவர்கள் என்பதால், ஊஓஸுமிக்குக் கோயம்புத்தூர்த் தமிழ் கொடுத்திருக்கிறேன். ஆட்சேபம் உள்ளவர்கள் இரண்டு ஊருக்கும் போய்ப் பார்த்துவிட்டு எழுதவும்.)

வியாழக்கிழமை ஃபிரிட்ஜை அணைத்து, பனியெல்லாம் உருகும்வரை பதினோரு துண்டு பிழிந்தார் அம்மாள்.

5

வெள்ளி காலை ஒன்பதரைக்கு டைமர் வந்தது. மாட்டித் தருவதாகச் சொல்லியிருந்தவர் எங்கள் சந்துக்காரர் இகராஷி. மின்சாரக் கம்பெனியில் முப்பத்தெட்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த முப்பத்தெட்டைச் சொல்லாமல் அவர் வணக்கம்கூடச் சொல்வதில்லை. தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு வந்தார், பகலில்.

டைமரைத் திருப்பினார். அறுபது என்று பொறித்திருந்தது. விளக்கை அணைத்தார்.

பிறகு அவர் பேசியதைச் சுருக்கித் தருகிறேன்: நூற்றுச் சொச்சம் வருஷங்களுக்கு முன் கிழக்கே டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் மேற்கே ஒசாகா அமெரிக்காவிலிருந்தும் மின் இயந்திரம் வாங்கின, அதனால் கிழக்கில் மின்சாரம் நொடிக்கு ஐம்பது தடவை துடிக்கிறது, மேற்கில் அறுபது, ஃபுஜி ஆறு எல்லை, ஒரு தேசத்தின் இரண்டு இதயங்கள். இதயம் என்ற சொல் வந்தபோது அம்மாள் உட்கார்ந்துவிட்டார்.

"முப்பத்தெட்டு வருஷ அனுபவத்துல சொல்றேன், ஷிஸுனோ-சான். இது மேற்கத்திச் சாமான். இங்க பொருந்தாது."

(இங்கே நான் "அவர் கண்களில் அந்த வீட்டின் நாற்பது ஆண்டுகள்" என்று ஆரம்பித்து ஒரு வாக்கியம்)

அம்மாளின் கண்களில் ஒன்றும் இல்லை. எழுந்து போய் ஊஓஸுமிக்குப் போன் போட்டு, இகராஷிக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார்.

6

"அறுபதுதானுங்க்கா," என்றார் ஊஓஸுமி. "அதனால என்னங்க? ஓடாமப் போகாதுங்க. ஆறடி வைக்கிற நேரத்துல அஞ்சடி வைக்கும், மெதுவா போகும். எட்டு மணிக்கொருக்கா உருக்கறத ஒம்பதரைக்கொருக்கா உருக்கும். உங்க ஃபிரிட்ஜு ஏதாச்சும் ரயிலு புடிக்கோணுமுங்களா?"

இகராஷி, கொள்கை அளவில், என்று தொடங்கினார்.

"கொள்கைய நீங்க வெச்சுக்கங்க சார். திருகாணிய மட்டும் அக்காவுக்கு முடுக்கிக் குடுங்க."

முடுக்கினார். சரியாகப் பத்து மணி. மின்சாரம் கொடுத்ததும் ஃபிரிட்ஜ் முனகிக்கொண்டு ஓடத் தொடங்கியது. அது எல்லா ஃபிரிட்ஜும் செய்வதுதான். பனி உருகுகிறதா என்பதே கேள்வி. இகராஷி நோட்டுப்புத்தகத்தில் பெருக்கி வகுத்து, ஊஓஸுமி சொன்னது உண்மையானால் மாலை ஏழு முப்பத்தாறு என்று எழுதினார். உண்மையாகாது என்று கீழே கோடிட்டார்.

ஏழு மணிக்கு அவர் நாற்காலியோடு சமையலறைக்கு வந்துவிட்டார். அம்மாள் சோபா நூடுல்ஸ் வேகவைத்துக்கொண்டிருந்தார். ஏழு முப்பத்தாறு ஆனது. ஒன்றுமில்லை. நாற்பது. அம்மாள் அடுப்பை அணைத்தார், கொதிக்கிற சத்தம் தொந்தரவாக இருந்ததால். நாற்பத்திரண்டுக்கு ஃபிரிட்ஜின் அடியில், தட்டில், ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு எண்ண முடியாத வேகத்தில்.

பனி உருகித் தண்ணீராக இறங்க ஆறு நிமிஷம் பிடிக்கும் என்பதை நாங்கள் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

அம்மாள் அங்கேயே தரையில் உட்கார்ந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நூடுல்ஸ் குழைந்துபோயிருந்தது. மூவரும் அதையே சாப்பிட்டோம். மறுநாள் காலை, ஆறுக்கு ஐந்து என்ற விகிதத்தைத் தான் கண்டுபிடித்ததைப் பற்றி இகராஷி தபால்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். யாரும் மறுக்கவில்லை.

7

ஞாயிறு பதினோரு மணிக்கு நொரியாகி வந்தார். குடியிருப்பின் படிவம் இருந்த உறையைக் காலணி அலமாரிமேல் வைத்தார். வணக்கம் சொல்வதற்கு முன்பே சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்து உள்ளே கையை வைத்தார். வெகுநேரம் கையை வெளியே எடுக்கவில்லை.

பார்லி டீ மூன்று தம்ளர் குடித்தார். "எத்தனை நாளைக்கு ஓடும்மா?" என்றார்.

"உன் கார் எத்தனை நாளைக்கு ஓடும்?"

நொரியாகி தம்ளரைக் கீழே வைத்தார். "அந்தப் பார்ட் நம்பரை எனக்கு அனுப்பு. இன்னொண்ணு வாங்கி வச்சுடறேன்," என்றார். மின்விசிறிக்கு எதிரே தத்தாமிப் பாய்த் தரையில் காலை நீட்டினார். அந்த வாரம் முழுக்கத் தூங்காதவர் இரண்டு நிமிஷத்தில் குறட்டைவிட்டார்.

என்னிடம் மூன்று முடிவுகள் தயாராக இருந்தன. ஒன்றில் அவர் படிவத்தைக் கிழிக்கிறார். இன்னொன்றில், அடுத்த கோடைக்குப் பார்க்கலாம் என்கிறார். மூன்றாவதில் அம்மாளே மனம் மாறி... அது வேண்டாம், நானே நம்பவில்லை. மூன்றுக்குமே நொரியாகி எழுந்திருக்க வேண்டும். ஷிஸுனோ அம்மாள் என் பக்கம் திரும்பி உதட்டில் விரல் வைக்கிறார்.

உறை காலணி அலமாரிமேல்தான் இருக்கிறது, ஒட்டவில்லை. அதை என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் நீங்களே செய்துகொள்ளுங்கள். சத்தம் மட்டும் போடாதீர்கள்.