ஒன்பது வீட்டுக்கு ஒரு பஸ்ஸர்

மகளிர் தினம் நெருங்கினால் எனக்கு எரிச்சல் வந்துவிடும். இளஞ்சிவப்பு டீ-ஷர்ட்டுகள் அட்டைப்பெட்டியில் வந்து என் மேஜைக்கடியில் உட்கார்ந்துகொள்ளும். 'பெண் குழந்தைகள் கையில் அறிவியல்' என்று இந்தியில் அச்சடித்திருக்கும். அவற்றைத் தாராவிக்குச் சுமந்துபோய் அங்கே எங்கள் கம்பெனி சனிக்கிழமைகளில் நடத்துகிற அறிவியல் மன்றத்துப் பெண்களுக்கு மாட்டிவிட்டு, ஆளுக்கொரு கண்ணாடிக் குழாயில் கலர் சர்பத்தை ஊற்றிக் கையில் கொடுத்து, சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். செம்பூரில் இருக்கிற எங்கள் கம்பெனியில் இந்த வேலை என் தலையில் விழுந்ததற்குக் காரணம், எனக்குத் தமிழ் தெரியும் என்பதுதான். "தாராவியில உங்க ஆளுங்கதானே, ஷ்யாமளா?" என்றார் மேலாளர். என் ஆட்கள் பாலக்காட்டுக்காரர்கள், டோம்பிவிலியில் லோன் போட்டு வீடு வாங்கிவிட்டு ரயிலில் தொங்குகிறவர்கள் என்று அவருக்கு விளக்க எனக்குத் தெம்பில்லை. சனிக்கிழமை விடுமுறையும் அதோடு போயிற்று.

மன்றத்துப் பெண்கள் வருவார்கள், போவார்கள். ஒருத்திக்குத் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒருத்திக்கு டியூஷன், ஒருத்திக்குக் கல்யாணம் பேசியாயிற்று. நான் யாரையும் கேள்வி கேட்பதை நிறுத்தி வெகு நாளாயிற்று.

பூமாரி மட்டும் ஒரு வாரம்கூட விட்டதில்லை. பத்தாம் வகுப்பு, ஒல்லியான பெண். வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கொட்டாவி விட ஆரம்பித்துவிடுவாள். எனக்கு அது பிடிக்காது. நானே தூக்கம் கெட்டு டோம்பிவிலியிலிருந்து வருகிறேன், இவளுக்கென்ன என்று ஒரு நாள் சிடுசிடுத்தேன்.

"தண்ணி எப்ப வரும்னு தெரியாது மிஸ்," என்றாள் அவள். "நல்லிப் பக்கம் ஒரு காத வச்சுக்கிட்டேதான் படுக்கணும். அம்மைக்கு மூட்டுவலி. நாந்தான் புடிக்கணும்."

அவர்கள் சந்தில் ஒன்பது வீட்டுக்கு ஒரே நல்லி, ஒரே குழாய். விடிவதற்கு முன்னால் எப்போது வேண்டுமானாலும் தண்ணீர் வரும், கொஞ்ச நேரத்தில் நின்றும் போகும். அதனால் இரவில் நல்லியைத் திறந்தே வைத்திருப்பார்கள். முதலில் காற்று சீறும். அந்தச் சீறல் காதில் விழுந்தவள் எழுந்து மற்றவர்களை எழுப்ப வேண்டும். எல்லா வீட்டிலும் அந்தக் காது ஒரு பெண்ணுடையதாகத்தான் இருந்தது.

அதற்குத்தான் அவள் அந்தக் கருவியைச் செய்தாள். நான் கொடுத்த பெட்டியிலிருந்து ஒரு பஸ்ஸர், ஒரு பேட்டரி, ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு ஒயர். ஒயர் முனைகளை ஒரு பிளாஸ்டிக் மக்குக்குள் விட்டு, மக்கை நல்லிக்கடியில் தொங்கவிட்டாள். தண்ணீர் விழுந்து முனைகளைத் தொட்டால் பஸ்ஸர் அலறும். செம்பு முனைகள் பச்சை பிடித்துக் கெட்டுப்போனபோது, அவற்றைக் கழற்றிவிட்டு ஸ்டீல் ஊக்குகளை வைத்தாள். மக்கின் அடியில் சின்ன ஓட்டை போட்டாள். தண்ணீர் நின்றதும் மக்கு தானாகக் காலியாகி அடுத்த நாளுக்குத் தயாராகிவிடும். ஓட்டை யோசனை எனக்குத் தோன்றியிருக்காது. மனதுக்குள் கொஞ்சம் பொறாமைகூடப் பட்டேன்.

மாட்டுங்காவில் பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் கண்காட்சி ஒன்று வந்தது. பூமாரியின் பெயரைக் கொடுத்துவிட்டு, பத்து முடித்ததும் அவளை சயன்ஸில் சேர்க்கச் சொல்லி அவள் அப்பாவைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். மும்பையில் பதினொன்றாம் வகுப்பே காலேஜில்தான். இசக்கிப்பாண்டி தோல் பை தைக்கிற பட்டறையில் மெஷின் ஓட்டுகிறவர். கெட்டவர் இல்லை. களைத்தவர். அந்தக் களைப்பு எனக்குப் புரியும்.

"காமர்ஸ்னா பக்கத்துலயே காலேஜ் இருக்கு, மத்தியானம் போனா போதும்," என்றார். "சயன்ஸ்னா காலைலயே ஓடணும். வீட்டு வேலைய யாரு பாக்கது? இம்புட்டு சொல்லுதீங்க. பரிசு வாங்கிட்டு வரட்டும் மேடம், சேத்துவிடுதேன். இல்லன்னா இந்தப் பேச்ச விட்ருங்க."

பேரம் முடிந்தது. பூமாரி தலையாட்டினாள்.

கண்காட்சிக்கு முதல் நாள் மாலை, குர்லாவில் ரயில் கூட்டத்துக்குள் நசுங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "மிஸ், மெஷின எடுக்க விடமாட்டேங்காவ," என்றாள். அந்தச் சந்துப் பெண்கள் பஸ்ஸர் வந்ததிலிருந்துதான் கண்ணை மூடித் தூங்குகிறார்களாம். அதைக் கழற்றினால் தண்ணீர் போய்விடும், வேண்டுமானால் போட்டோ எடுத்துக்கொண்டு போ என்கிறார்களாம். புது பஸ்ஸர் வாங்கலாமென்றால் கடை மூடுகிற நேரம்.

"எப்படியாவது பேசி எடுத்துண்டு வா," என்று கத்திவிட்டு போனை வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, 'சமாளிச்சிட்டேன் மிஸ்' என்று குரல் செய்தி வந்தது. எப்படி என்று நான் கேட்கவில்லை. எனக்கு உட்கார இடம் கிடைத்திருந்தது, உடனே தூங்கிவிட்டேன்.

கண்காட்சி அரங்கில் எங்கு பார்த்தாலும் ரோபோக்கள். கோட்டின் மேல் ஓடுகிற ரோபோ, கை குலுக்குகிற ரோபோ, பக்கத்தில் அப்பாக்கள். பூமாரியின் மேஜையில் ஒரு நீல மக்கு, ஒரு சொம்புத் தண்ணீர், கையால் எழுதின அட்டை. எங்கள் கம்பெனி பேனருக்கு ஆணி தேடிக்கொண்டு போனேன். திரும்பி வந்தபோது அவள் மேஜைமேல் தலையைச் சாய்த்து வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். இளஞ்சிவப்பு டீ-ஷர்ட்டின் தோளில் எச்சில் ஒழுகியிருந்தது.

எழுப்பலாம் என்று கையை நீட்டுவதற்குள் நடுவரம்மா வந்துவிட்டார். கண்ணாடி போட்ட, பொறுமையான மராத்திக்காரப் பேராசிரியை. விரலை உதட்டில் வைத்து என்னைத் தடுத்தார். அட்டையைப் படித்துவிட்டு, சொம்புத் தண்ணீரை மெல்ல மக்குக்குள் ஊற்றினார்.

பஸ்ஸர் அலறியது.

பூமாரி துள்ளி எழுந்தாள். கண் திறக்கவில்லை. "தண்ணி வந்துட்டு! பேகம்க்கா, தண்ணி வந்துட்டு!" என்று கத்திக்கொண்டே பக்கத்து மேஜை மழைநீர் சேகரிப்பு மாதிரியிலிருந்த பக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினாள். பக்கெட்டோடு அந்த மேஜைப் பையனின் குழாய்களும் பிய்ந்து வந்தன. அரங்கமே சிரித்தது. நாலைந்து மேஜை தாண்டிய பிறகுதான் அவளுக்கு விழிப்பு வந்தது. பக்கெட்டும் கையுமாக நடுக்கூடத்தில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது, கோபமும் வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. என்மேலும்தான்.

"ராத்திரி தூங்கலையாடி?" என்றேன்.

"மெஷின கழட்டுனா அதுக்குப் பதிலா நான் உக்காருதேன்னு அவியகிட்ட சொன்னேன் மிஸ். நல்லிகிட்டயே முழிச்சிருந்தேன். நேத்து பாத்து விடியப் போற நேரத்துக்குத்தான் வந்துச்சு."

நடுவரம்மா நிறையக் கேள்விகள் கேட்டார். ஓட்டையைப் பற்றியும் ஊக்கைப் பற்றியும் பூமாரி இந்தியில் சரியாகத்தான் பதில் சொன்னாள். கடைசியில் அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நல்ல பெண், ஆனால் இந்த மின்சுற்று எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறதே, புதுமைக்கு மதிப்பெண் போட வழியில்லையே என்றார். பொய் இல்லை. பரிசு ரோபோவுக்குப் போயிற்று. பூமாரிக்குக் கலந்துகொண்டதற்கான சான்றிதழ் கிடைத்தது, பெயரில் ஒரு எழுத்து குறைச்சலாக.

டாக்ஸியில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள். இசக்கிப்பாண்டியிடம் என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்தேன். இந்த மாதிரி வாதாடி நான் ஜெயித்ததே இல்லை.

சந்துக்குள் நுழைந்ததுமே பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். பரிசைப் பற்றி ஒருத்தியும் கேட்கவில்லை. "மெஷின் பத்திரமா இருக்கா?" என்றுதான் கேட்டார்கள். பூமாரி நேராகப் போய் மக்கை நல்லியில் கட்டினாள். பிறகு வீட்டுக்குள் போய்ச் சுவரோரம் சுருண்டு படுத்தாள்.

சனிக்கிழமை என்பதால் பட்டறை சீக்கிரம் விட்டு இசக்கிப்பாண்டி வீட்டில் இருந்தார். "என்ன மேடம், பரிசு?"

"கிடைக்கல."

"அப்ப சரி," என்றார். குரலில் சந்தோஷம் இல்லை, நிம்மதி இருந்தது. "காமர்ஸே படிக்கட்டும்."

நான் வாய் திறப்பதற்குள் வாசலில் நின்ற பேகம் குறுக்கிட்டாள். சந்தின் கடைசி வீட்டுக்காரி, தையல் வேலை செய்கிறவள்.

"ஏங்க, ராத்திரி தண்ணி எப்படி வந்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"மெஷின் கத்தியிருக்கும்."

"மெஷின் நேத்தே பையில போயிட்டு. ராத்திரி பூரா உங்க மவ நல்லிகிட்ட உக்காந்திருந்தா. அவதான் வீடு வீடாத் தட்டி எழுப்புனா. உங்க வீட்டு டிரம்மையும் அவதான் ரொப்புனா. நீங்க எந்திரிச்சீங்களா?"

இசக்கிப்பாண்டி ஒருபோதும் எழுந்ததில்லை. பஸ்ஸர் கத்தினாலும் கத்தாவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான். டிரம்மைப் பார்த்தார், சுவரோரம் கிடந்த மகளைப் பார்த்தார். அவள் இன்னும் அந்த டீ-ஷர்ட்டைக் கழற்றவில்லை. அதில் எழுதியிருந்த இந்தி அவருக்குப் படிக்க வருமா என்று தெரியவில்லை.

"பரிசத் தூக்கிப் போடுங்க," என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. "அவளைத் தூங்க விடுங்கோ. அது போதும். மத்ததெல்லாம் அவளே பாத்துப்பா."

"பாக்கலாம் மேடம்," என்றார்.

'பாக்கலாம்' என்ற சொல்லை நான் இந்தத் தாராவியில் போதும் போதும் என்கிற அளவுக்குக் கேட்டிருக்கிறேன். சயான் ஸ்டேஷன் வரை நடந்தேன். அடுத்த மாதத்திலிருந்து இந்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று மேலாளரிடம் சொல்ல முடிவெடுத்தேன். வீட்டுக்கு வந்து யாரோடும் பேசாமல் படுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை, வழக்கம்போல இருட்டோடு எழுந்து சமைத்து, டப்பா கட்டி, டோம்பிவிலியில் பெண்கள் பெட்டிக்குள் தள்ளப்பட்டு நின்றுகொண்டிருந்தேன். தாணே தாண்டியதும் போன் முனகியது. பூமாரியின் குரல் செய்தி. காதில் வைத்துக்கொண்டேன்.

குரல் கரகரவென்று இருந்தது. பின்னால் நல்ல வெயில் நேரத்துச் சத்தங்கள் கேட்டன, யாரோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மிஸ், நேத்தும் இன்னைக்கும் அப்பாதான் தண்ணி புடிச்சாவ. பாதி கொட்டிட்டாவளாம், பேகம்க்கா திட்டுதாவ. சயன்ஸ் காலேஜ் காலைல எத்தன மணிக்குன்னு கேட்டுச் சொல்லச் சொன்னாவ." பிறகு ஒரு நீளமான கொட்டாவி.

"மிஸ், நான் இப்பதான் எந்திரிச்சேன்."