நாலு மணி ஆகட்டும்

டூல்லியோ பீச் பழத்தின் தோலை ஒரே சுருளாகச் சீவி, முதல் துண்டைக் கத்தி முனையில் குத்தி மனைவியிடம் நீட்டினான்.

"சாப்பிட்டுப் பாரு. இந்த வருஷத்துலயே இதுதான் பழம்."

எர்சீலியா வாங்கித் தின்றாள். மணிக்கட்டில் வழிந்த சாற்றை அவன் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டான். ஊர் எல்லையில் ஓர் அத்தி மரத்தடியில் காரை நிறுத்தியிருந்தார்கள். அதற்கு மேல் தெரு என்பதே படிகள்தான்.

எண்பத்தேழாம் வருடத்து ஆகஸ்ட். வடக்கு இத்தாலியில் அவர்கள் வாழ்ந்த தூரின் நகரமே கடைகளைப் பூட்டிவிட்டுக் கடற்கரையில் போய் விழுந்துகிடக்கும் மாதம். டூல்லியோவுக்கு வரிசை வரிசையாக நட்ட கடற்கரைக் குடைகளைக் கண்டாலே ஆகாது. ஜூலை பிறந்ததும் சாலை வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்துக்கொண்டு பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்துவிடுவான். ஊரின் பெயர் இருப்பதிலேயே பொடி எழுத்தில் இருக்க வேண்டும். அதற்குப் போகிற சாலை அந்த ஊரோடு முடிந்துவிட வேண்டும். பக்கத்தில் ஓட்டல் குறி எதுவும் இருக்கவே கூடாது. இப்படியே பதினான்கு கோடைகளை யாருக்கும் தெரியாத ஊர்களில் கழித்துவிட்டார்கள். இந்த முறை கண்ணாடியில் சிக்கியது கசால்வெந்தோ. தெற்கே, கடலை விட்டு விலகிய ஒரு மலை உச்சி. எர்சீலியா பிறந்த ஊர் அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம். அப்பாவுக்குத் தூரின் தொழிற்சாலையில் வேலை கிடைத்தபோது, பதினோரு வயதில், அந்தப் பக்கத்தை விட்டுப் போனவள் அவள்.

தங்க அறை கேட்கலாம் என்று ஏறினார்கள். படிகள் ஒரு சின்ன சதுக்கத்தில் முடிந்தன. ஒரு மாதா கோயில், ஒரு கல் பெஞ்சு, எதிரே ஒரு பச்சைக் கதவு. எல்லா ஜன்னல்களும் அடைத்திருந்தன. கோயில் கடிகாரத்தில் மூன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

"பாத்தியா, ஒரு காக்கா குருவி இல்ல," என்று டூல்லியோ பெஞ்சில் சாய்ந்தான். "இதைத்தான் தேடினேன்."

"அறை குடுக்கவும் ஆள் இல்லாத ஊரா தேடியிருக்க."

அவன் சிரிக்கப் போனான்; பாதியில் நின்றது. தாடையைத் தடவிக்கொண்டான்.

"என்ன?"

"பல்லு வலி."

"எந்தப் பல்லு?"

"எல்லாந்தான்."

"போன வருஷம் பிடுங்கினியே, அதுவுமா?"

"அதுதான் ரொம்ப வலிக்குது."

எர்சீலியா சிரித்தாள். பிறகு அவன் சட்டைக் காலரைப் பார்த்தாள். குளித்துவிட்டு வந்தவனைப் போல நனைந்திருந்தது. கையைத் தொட்டாள். அந்த வெயிலில் கை ஜில்லென்று இருந்தது.

"எதிர்வீட்டைத் தட்டேன். கொஞ்சம் தண்ணி கேளு," என்றான்.

அவள் எழுந்து பச்சைக் கதவின் முன் போய் நின்றாள். கையைத் தூக்கியவள் இறக்கிவிட்டாள். சாப்பாட்டுக்குப் பிந்தைய அந்த உறக்க நேரத்தை அவள் ஊரில் எதிர்நேரம் என்பார்கள். அப்போது வாசலில் பந்து தட்டியதற்காக அம்மாவிடம் வாங்கிய அறை கன்னத்தில் இன்னும் இருந்தது.

"இந்த நேரத்துல கதவைத் தட்டக் கூடாது, டூல்லியோ. இங்க எதிர்நேரத்துல தட்டுறவங்க சாவு சொல்லத்தான் வருவாங்க. உள்ள இருக்கறவங்க பதறிடுவாங்க. நாலு மணி ஆகட்டும்."

"உங்க தெற்கத்திச் சட்டம்..." என்றான் அவன். "சரி. நாலு ஆகட்டும்."

கால்மணிக்கொரு முறை மணி அடித்தது. அவள் கோயிலை ஒட்டியிருந்த பாதிரியாரின் மூடிய வீட்டைப் பார்த்தாள். கீழே நிற்கும் காரை நினைத்தாள். அவளுக்கு ஓட்டத் தெரியாது. ஓடிப் போய் யாரையாவது அழைத்துவரலாம் என்றால், அவனைத் தனியே விட்டுப் போக மனம் வரவில்லை. வெயில்தான் காரணம், படியேறியதுதான் காரணம் என்று அவனிடமே சொன்னாள். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். பச்சைக் கதவுக்குப் பின்னால் குழாயைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. யாரோ விழித்திருக்கிறார்கள்! மறுபடியும் கதவு வரை போனாள். கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் இருபது நிமிடம். திரும்பி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் பேச்சை விட்டுவிட்டிருந்தான்.

நாலாவது மணி அடித்து முடியும் முன் தட்டினாள். இரண்டாவது தட்டுக்கு இடமில்லாமல் கதவு திறந்தது. ரொசாரியா என்ற அந்தப் பெண்ணின் கையில் நிறைந்த தண்ணீர்க் குவளை இருந்தது.

"நான் தூங்கவே இல்லம்மா. நீங்க வந்ததுலேர்ந்து ஜன்னல் இடுக்குல பாத்துட்டுதான் இருந்தேன். வடக்கத்திக்காரங்க, அமைதி தேடி வந்திருக்காங்க, நாமளா போய்ப் பேச்சுக் குடுத்தா தொந்தரவுன்னு நினைப்பாங்களோன்னு..." அவள் கண் பெஞ்சுக்குப் போனது. "ஐயோ, மாதாவே!"

அவள் போட்ட கூச்சலில் எல்லா ஜன்னல்களும் திறந்தன. நாலு ஆண்கள் டூல்லியோவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப் போய் ரொசாரியாவின் கட்டிலில் கிடத்தினார்கள். புகையிலைக் கடையிலிருந்து யாரோ டாக்டருக்குப் போன் செய்தார்கள். கடலோரத்திலிருந்து மலைப்பாதையில் டாக்டர் வந்துசேர்ந்தபோது மணி நாலரை தாண்டியிருந்தது. டூல்லியோ அதற்குப் பத்து நிமிடம் முன்பே போய்விட்டான்.

"வலி எப்ப ஆரம்பிச்சது?" என்று கேட்டார் டாக்டர்.

"நாலுக்குக் கொஞ்சம் முன்னாடி," என்றாள் எர்சீலியா.

ரொசாரியா அவளை ஒருமுறை பார்த்தாள். பிறகு குனிந்து, யாரும் குடிக்காத அந்தக் குவளையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

தூரினில் துக்கம் கேட்க வந்தவர்கள், எவ்வளவு அமைதியான இடத்தில் போயிருக்கிறார் என்றார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் ஆமாம் என்றாள்.

அக்டோபரில் காரை எடுத்துவர டூல்லியோவின் தம்பியோடு கசால்வெந்தோ போனாள். அவன் கீழே பேட்டரியோடு மல்லாடிக்கொண்டிருந்தான். எர்சீலியா தனியாகப் படியேறினாள். சதுக்கத்தில் யாரும் இல்லை. கல் பெஞ்சில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, பச்சைக் கதவு வரை எண்ணிக்கொண்டே நடந்தாள்.

பதினோரு எட்டு.

திரும்பி வரும்போதும் எண்ணினாள். பதினோரு எட்டுதான்.