கடலடியில் ஒரு கீறல்

மீனவர்களின் வலையில் மண்ணெண்ணெய் போன்ற வாடை அடித்ததால், கடலடி எரிவாயுக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க அவளை அனுப்பினார்கள். அவள் வேதியியல் ஆய்வாளர். அந்தக் குழாயைப் பற்றவைத்து இணைத்த முக்குளிப்பவர்களில் அவள் கணவனும் ஒருவன். கூப்பிடாமலே அவனும் படகில் ஏறிக்கொண்டான்.

"என் வெல்டிங்கா இருந்தா மறைக்காத," என்று மட்டும் சொன்னான்.

பனிமூட்டத்தில் கடல் எது, வானம் எது என்று தெரியவில்லை. படகை ஓட்டியது அவளுடைய அண்ணன். உணர்கருவியைக் கம்பியில் கட்டி நீருக்குள் விட்டிருந்தாள். நீரில் வாயு கரைந்திருந்தால் திரையில் கோடு மேலே ஏறும்.

"கடலுக்கே காய்ச்சல் பாக்குற ஆளு நீ ஒருத்திதான்," என்றான் அண்ணன்.

கோடு படுத்தே கிடந்தது. என்ஜின் சத்தமும் தொலைவாகி, எல்லோரும் ஒரே தூக்கத்துக்குள் மிதப்பது போலிருந்தது. அப்போது கோடு மெல்லத் தலைதூக்கியது.

கணவன் திரையில் இடக்குறியை எட்டிப் பார்த்தான். "இது நான் போட்ட ஜாயின்ட்."

"நீரோட்டம் வேற எங்கிருந்தாவது கொண்டு வந்திருக்கும் மாப்ள," என்றான் அண்ணன்.

அவளுக்கும் அப்படியே இருந்துவிடக் கூடாதா என்றிருந்தது. கருவியைக் கழுவினாள். நீரோட்டத்தை எதிர்த்துப் போய்ப் பார்த்தார்கள், அங்கே ஒன்றுமில்லை. திரும்பி அதே இடத்துக்கு வந்ததும் கோடு மறுபடி ஏறியது. வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்தாள். பொத்தானை அழுத்தாமல் கணவனைப் பார்த்தாள்.

"சொல்லிடு," என்றான் கணவன். "சரிபண்ண நானே இறங்குறேன்னும் சேத்துச் சொல்லு."

குழாயில் ஓட்டத்தை நிறுத்தினார்கள். வானம் வெளுத்த ஒரு காலையில் அவன் கசிவை அடைக்கும் இரும்புக் கவ்வியோடு நீருக்குள் இறங்கினான். அவள் படகின் விளிம்பில் சாய்ந்து பார்த்தாள். பச்சை நீரில் இருவகைக் குமிழிகள் ஏறி வந்தன. கடுகு கடுகாய் வந்தது குழாயில் மிஞ்சிய வாயு. பெரிது பெரிதாய் வந்தது அவன் மூச்சு. இரண்டும் கலந்து, அவள் முகத்துக்கு நேரே வந்து உடைந்தன.

பார்த்துக்கொண்டே இருந்தாள். கடுகுகள் குறைந்தன; பிறகு வரவில்லை. திரையில் கோடு சரிந்து படுத்தது. அவன் மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது.

மேலே வந்து முகமூடியைக் கழற்றினான். உதடு வெளுத்திருந்தது.

"மயிரிழைக் கீறல்தான். அன்னைக்கே என் கண்ணுக்குத் தப்பியிருக்கு."

அவள் துண்டால் அவன் தலையைத் துவட்டினாள். "பசிக்குதா?"

"ரொம்ப," என்றான்.