ஆள் இருக்கு

"மூணு தரம்!"

ஏலக்காரரின் சுத்தியல் மேசையில் விழுந்த பிறகுதான் அவள் தூக்கிய கையைக் கீழே இறக்கினாள். அது தன் கைதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"கார் தூக்குற லிஃப்ட் அந்த அம்மாவுக்கு," என்றார் ஏலக்காரர்.

கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மூடிப்போன ஒர்க்‌ஷாப்பின் சாமான்களை ஏலம் எடுக்க வந்தவர்களில் பெண் என்று அவள் ஒருத்திதான் இருந்தாள். கணவரின் முதுகுக்குப் பின்னால் பாதி ஒளிந்துகொண்டாள்.

பக்கத்தில் நின்ற டயர் கடைக்காரர் கணவரிடம் கேட்டார். "லிஃப்டை வெச்சு என்ன பண்ணப் போறீங்க, சார்?"

"எனக்கு இல்லீங்க, இவளுக்கு. நான் பஸ் டிரைவர். ஓட்டத்தான் தெரியும். நின்னுபோச்சுன்னா இறங்கி நின்னு வேடிக்கை பார்ப்பேன்."

"அப்ப அம்மாதான் மெக்கானிக்கா?"

"ஆமா. வீட்டுல என்னையும் அப்பப்ப முடுக்கி விடுவா."

அவள் அவருடைய முழங்கையைக் கிள்ளினாள். டயர் கடைக்காரர் சிரித்துக்கொண்டே நகர்ந்தார்.

வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகைதான் அவளுடைய ஒர்க்‌ஷாப். கார்களுக்கு அடியில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்து வேலை பார்த்ததில் கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது. ஒருநாள் விரல்கள் மரத்துப்போய், பிடித்திருந்த ஸ்பேனர் நழுவி நெற்றியில் விழுந்தது. "இனிமே தரையில படுத்து வேலை செஞ்சா கை விளங்காம போயிடும்," என்று டாக்டர் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார். வண்டியைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்திவிட்டால் நின்றுகொண்டே வேலை செய்யலாம். லிஃப்ட் வந்தால் தொழில் நிலைக்கும். வராவிட்டால் கொட்டகையில் விறகு அடுக்க வேண்டியதுதான்.

இந்த லிஃப்ட் அவளுக்குப் புதிதல்ல. கல்யாணத்துக்கு முன்னால் அவள் இதே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவள். அண்ணன் அப்போதே இங்கே ஃபோர்மேன். ஒர்க்‌ஷாப்பை மூடும்போது முதலாளி அவனை வேறு ஊரில் திறந்த புதுக் கிளைக்கு மேனேஜராக அனுப்பிவிட்டார். அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டு, இப்போது பக்கத்துத் தெருவில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணனோடு போனில் பேச்சு நடக்கும். அவன் குரல் மட்டும் தலையணைக்குள் வாயை வைத்துப் பேசுவதுபோல் கேட்கும். "ஏசி ரூம், நட்டு. கண்ணாடி எல்லாம் மூடியிருக்கு," என்பான். அவளை நட்டு என்று கூப்பிடுவது உலகத்தில் அவன் ஒருவன்தான்.

ஏலத்துக்கு வரப்போவதாக நேற்று அவனிடம் சொன்னபோது, அவன் சந்தோஷப்படவில்லை. "அந்த லிஃப்ட் வேணாம். பழசு. நீ அங்க போகாத," என்று சொல்லி போனை வைத்துவிட்டான். அவளுக்குச் சுருக்கென்றது. மேனேஜர் ஆனதும் தங்கை வாங்கும் சாமான்கூட மட்டமாகத் தெரிகிறதா? அந்த ரோஷத்தில்தான் கை இவ்வளவு உயரமாகப் போனதோ என்னவோ.

ஏலக்காரர் அவர்களிடம் வந்தார். "சாயங்காலத்துக்குள்ள கழட்டி எடுத்துட்டுப் போயிடணும். அப்புறம் கதவை இழுத்துச் சாத்தி சீல் வெச்சிடுவாங்க. உள்ள இருக்கறது இருக்கறதுதான்."

"லிஃப்ட் மேல ஒரு கார் நிக்குதே?" என்றார் கணவர்.

"அது ஏலத்துல இல்ல. யாரோடதுன்னே தெரியல. இன்ஜினும் கிடையாது. இறக்கி ஒரு ஓரமா தள்ளி விட்டுட்டு, லிஃப்டைக் கழட்டிக்கங்க."

லிஃப்டின் இரண்டு தூண்களுக்கு நடுவே கார் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. கண்ணாடிகளில் தூசி கெட்டிப்பட்டுப் பழுப்பாக இருந்தது. கீழிருந்து பார்த்தால் அடிப்பாகத்தின் துருவும் சக்கரங்களும்தான் தெரிந்தன.

மற்றவர்கள் தங்கள் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போனார்கள். கம்ப்ரஸர் போனது. வெல்டிங் மெஷின் போனது. லிஃப்டை ஒட்டி நின்ற பெரிய இரும்பு டூல் பீரோவை ஆட்கள் சேர்ந்து உருட்டிக்கொண்டு போனார்கள். அது வாசலைத் தாண்டும்போது மேலே ஏதோ கிறீச்சென்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. தகரக் கூரை வெயிலில் விரிகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசியில் அவர்கள் இருவர் மட்டும் மிஞ்சினார்கள். தரையில் ஒவ்வொரு மெஷினும் நின்ற இடம் எண்ணெய்க் கறைக்கு நடுவே வெள்ளையாகத் தெரிந்தது.

"சரி, டிரைவரே. கீழ கிடக்கற தகரத்தை எல்லாம் இழுத்து வழி பண்ணுங்க. காரை இறக்கணும்."

"உத்தரவு, மேடம்."

அவள் வலதுபக்கத் தூணுக்கு வந்தாள். மோட்டாரும் நெம்புகோலும் அங்கேதான் இருந்தன. இறக்குவது சின்ன வேலைதான். முதலில் வண்டியை ஒரு துளி மேலே தூக்கவேண்டும். பிறகு பிடியை இழுத்தால், வண்டி தானாக விழாமல் தாங்குகிற பூட்டு இரண்டு தூணிலும் விடுபடும். டக், டக் என்று இரண்டு சத்தம் கேட்கவேண்டும். அதற்குப் பிறகு நெம்புகோலை அழுத்தவேண்டும்.

பட்டனை அழுத்தினாள். கார் நடுங்கி, சற்று மேலே போனது. பிடியை இழுத்தாள். டக். அதே நேரத்தில் கணவர் தகரத்தைத் தரையில் தரதரவென்று இழுத்தார். பல் கூசியது. இரண்டாவது டக்கும் அந்தச் சத்தத்துக்குள் இருந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டாள்.

கை நெம்புகோலுக்குப் போனது. அழுத்துவதற்கு முன்னால் வாய் பழக்கத்தில் திறந்தது.

அது இந்த ஒர்க்‌ஷாப்பின் சட்டம். இறக்குகிறவர் "வண்டி இறங்குது!" என்று கத்தவேண்டும். அடியிலோ பக்கத்திலோ யாராவது இருந்தால் "ஆள் இருக்கு!" என்று பதில் வரும். இல்லாவிட்டால், சுற்றிப் பார்த்த ஒருவர் "ஆள் இல்ல!" என்று சொல்லவேண்டும். பதில் வராமல் யாரும் நெம்புகோலைத் தொடக்கூடாது. மறந்தவர் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கித் தரவேண்டும். அவள் ஒருமுறைகூட டீ வாங்கியதில்லை.

"வண்டி இறங்குது!"

காலிக் கட்டடத்தில் அவள் குரல் சுவரில் மோதித் திரும்பியது. அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

"யாருக்கும்மா சொல்றே? எலிக்கா?" என்றார் கணவர்.

அப்போது மேலிருந்து பதில் வந்தது.

"ஆள் இருக்கு."

கணவர் கையிலிருந்த தகரம் விழுந்தது. அது விழுந்து, அதிர்ந்து, அடங்கும்வரை இருவரும் அசையவில்லை.

"நீ... நீயா பேசினே?" என்றார் அவர் மெதுவாக.

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். குரல் தலையணைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். தெரிகிறது என்பதைத்தான் நம்ப முடியவில்லை.

"நட்டு," என்றது குரல். "கைய எடு. லீவர்லருந்து கைய எடு."

கையை எடுக்க நினைத்தாள். விரல்கள் கேட்கவில்லை. கணவர் ஓடிவந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். அவள் அப்படியே தூணில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மேலே காரின் பின்கதவு கொஞ்சம் திறந்தது. ஒரு செருப்பு வந்து விழுந்தது. பிறகு ஒரு கால். பிறகு சில நாள் தாடியோடு ஒரு முகம் எட்டிப் பார்த்தது. வேறு ஊரில் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் அண்ணனின் முகம்.

"மச்சான்?" என்றார் கணவர். "மச்சான், நீங்க அங்க என்ன பண்றீங்க?"

அண்ணன் காலைத் தொங்கவிட்டுத் துழாவினான். "மாப்ள, ஏணி இருக்கா? நான் ஏறி இறங்குற பீரோவைத் தூக்கிட்டுப் போயிட்டானுங்க. முட்டியில அடி. குதிக்க முடியாது," என்றான்.

ஏணி இல்லை. கணவர் தோளைக் கொடுத்தார். அண்ணன் குழந்தைபோல் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்கினான். இறங்கியதும் யார் முகத்தையும் பார்க்காமல் செருப்பைத் தேடினான்.

அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள். "புதுக் கிளை?"

"இல்ல."

"முதலாளி?"

"ரெண்டு வாரத்துல வர்றேன், அதுவரைக்கும் எடத்தைப் பார்த்துக்கோன்னு பின்கதவு சாவியைக் குடுத்துட்டுப் போனாரு. அப்புறம் போனையே எடுக்கல. அதுக்குள்ள நான் மேனேஜர்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். அம்மா ஊருக்கே சொல்லிட்டாங்க."

"அதுக்கு?"

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வீட்டுக்கு வர்றது? பகல்ல மார்க்கெட்டுல மூட்டை எறக்குறேன். தூங்க இங்க வந்துருவேன். கீழ படுத்தா ஜன்னல்ல தெரியும். மேல யாரு பார்க்கப் போறா?"

"இன்னைக்கு ஏலம்னு நேத்தே நான் சொன்னேனே!"

"விடியறதுக்கு முன்னாடி போயிடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அவனுங்க சாமான் அடுக்க வந்துட்டானுங்க. படுத்துட்டேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "நீ ஏலம் கேட்டதும் காதுல விழுந்துச்சு. விடவே மாட்டேன்னுட்டியே."

கணவருக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும். வரவில்லை. அவர் இடதுபக்கத் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், எதுக்குக் கையை எடுக்கச் சொன்னீங்க? வண்டி இறங்கினா நீங்களும் கூடவே பத்திரமா இறங்கியிருப்பீங்கல்ல?"

அண்ணன் இடதுபக்கத் தூணுக்கு நொண்டிப் போய், மூடியைக் கழற்றினான். வலதுபக்கப் பிடியிலிருந்து வரும் கம்பி உள்ளே அறுந்து தொங்கியது. பூட்டு விடுபடவே இல்லை. இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கட்டும் முறுக்குக் கம்பியும் தொய்ந்து கிடந்தது.

அவளுக்குப் புரிந்தது. அந்தத் தகரச் சத்தத்துக்குள் இரண்டாவது டக் இருக்கவில்லை. நெம்புகோலை அழுத்தியிருந்தால் வலதுபக்கம் மட்டும் சரசரவென்று இறங்கியிருக்கும். இடதுபக்கம் அங்கேயே நின்றிருக்கும். கார் சரிந்து, உருண்டு, தலைகீழாகத் தரையில் விழுந்திருக்கும். உள்ளே பின்சீட்டில் அண்ணன்.

அப்புறம் இன்னொன்று உறைத்தது. முதலில் புரிந்ததைவிட அது பயங்கரமாக இருந்தது.

"கம்பி அறுந்தது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் பட்டனை அழுத்தினப்போ, பிடியை இழுத்தப்போ, தெரியும்?"

"ம்."

"சும்மா படுத்திருந்தியா?"

அவன் மூடியின் திருகாணிகளை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தான். "பேசக்கூடாதுன்னுதான் இருந்தேன். நீ பார்த்துடுவியேன்னு மட்டும்தான் இருந்துச்சு. வேற எதுவும் யோசிக்கல. நீ கத்தினதும் வாய் தானா பதில் சொல்லிருச்சு."

வெளியே சாலையில் ஒரு லாரி போனது. மேலே கார் லேசாக அதிர்ந்தது.

அவள் எழுந்தாள். போய் அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். இன்னொன்று வைத்தாள். மூன்றாவதற்குக் கை வரவில்லை. அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"மேனேஜராம், மேனேஜர்," என்றாள்.

"விடு, நட்டு. சீல் வைக்க வந்துருவாங்க. லிஃப்ட் உனக்கு வேணும்ல?"

அவளுக்கு லிஃப்ட் என்ற ஒன்று இருப்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இடதுபக்கப் பூட்டை அண்ணன் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிப் பிடித்துக்கொண்டான். அவள் வலதுபக்கம் பிடியை இழுத்தாள். இந்தமுறை இரண்டு டக்கும் தனித்தனியாகக் கேட்டன. ஆனாலும் நெம்புகோலைத் தொட முடியவில்லை.

"வண்டி இறங்குது," என்றாள். கத்த வரவில்லை.

"ஆள் இல்ல," என்றார் கணவர்.

"நீங்க இல்ல. அவன் சொல்லணும்."

அண்ணன் காரை அண்ணாந்து பார்த்தான். திறந்து கிடந்த பின்கதவைப் பார்த்தான். "ஆள் இல்ல, நட்டு. இறக்கு," என்றான்.

கார் மெதுவாக, நேராக இறங்கித் தரையில் உட்கார்ந்தது. திறந்திருந்த கதவு வழியே உள்ளே எல்லாம் தெரிந்தது. கொக்கியில் மடிப்புக் கலையாத ஒரு சட்டை. தண்ணீர் பாட்டில். முன்சீட்டில் சீப்பும் சவர செட்டும். பின்சீட்டில் தலைக்கு வைத்துக்கொள்ளச் சுருட்டிய பழைய ஒர்க்‌ஷாப் யூனிஃபார்ம். அதன்மேல் அவன் போன், சத்தம் அடக்கிவைத்தபடி, துடித்துக்கொண்டிருந்தது. திரையில் 'அம்மா' என்றிருந்தது.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

அண்ணன் அவளைப் பார்த்தான். அவன் வழக்கம்போல் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். போனை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்த இழுத்தான்.

கதவு வரவில்லை. வெளியே அவள் பிடித்திருந்தாள்.

"தொறந்து வெச்சுக்கிட்டுப் பேசு."

அவன் கொஞ்ச நேரம் இழுத்துப் பார்த்தான். பிறகு விட்டான். பட்டனை அழுத்தினான்.

"ஏன்டா, இவ்வளவு நேரம்?" என்று அம்மாவின் குரல் அவளுக்கும் கேட்டது. "சாப்பிட்டியா?"

"ம்... இல்லம்மா."

"என்னடா இது? இன்னைக்கு உன் குரல் பக்கத்துல நின்னு பேசுற மாதிரி இருக்கு?"

அவன் கதவைப் பார்த்தான். அவள் கதவை விடவில்லை.

"பக்கத்துலதாம்மா இருக்கேன்," என்றான் அண்ணன்.