உப்பில்லாக் கஞ்சி

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். மரக்காணம் உப்பளத்திலேயே பிறந்து வளர்ந்த அந்தோணியம்மாளுக்கு அது தெரியாதா? ஆனாலும் மகள் பிரியதர்ஷினியின் கஞ்சியில் ஒரு கல் உப்பு போடமாட்டாள். மழைக்காலத்தில் உப்பு மூட்டை ஈரத்தை இழுத்துக்கொண்டு கனத்துப்போவதைக் கண்ணால் பார்த்தவள் அவள். உடம்புக்குள் போனாலும் உப்பு அதைத்தான் செய்யும் என்று முடிவு கட்டிவிட்டாள்.

அவளும் பருமன்தான். நாளெல்லாம் வெயிலில் உப்பு வாரியும் ஒரு சுற்றுகூடக் குறையாத உடம்பு. "துன்னே அழிக்கிறா" என்று சொல்லிச் சொல்லியே புருஷன் சாலமன் கூனிமேட்டுப் பக்கம் வேறொருத்தியோடு போய்விட்டான். பாவி, அவன் தின்றதில் பாதிகூட அவள் தின்றதில்லை. பிளஸ் டூ முடித்த மகளும் இப்போது அதே வாகில் பெருத்துவந்தாள். தன் பிழைப்பு மகளுக்கு வந்துவிடக்கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே பயம்.

அதனால் பாதி வயிற்றுக் கஞ்சி, அதுவும் உப்பில்லாமல். அப்படியும் உடம்பு ஏறினால் திருட்டுத் தீனி என்று அடி. "சத்தியமா எதுவும் துன்னலம்மா" என்று அழுவாள் பெண். அவள் சொன்னதை யார் நம்பினார்கள்?

லீவுக்கு அம்மாவோடு வேலைக்கு வந்தவள், சித்திரை வெயிலில் பாத்தியிலேயே மயங்கி விழுந்தாள். பக்கத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த கொளஞ்சிதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

"வேர்வையில உப்பெல்லாம் போயிடுச்சு. ஏம்மா, புள்ளைக்கு உப்பே குடுக்கலையா?" என்று கேட்ட டாக்டரம்மா, விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "உங்கம்மா எப்படி இருந்தாங்க?"

"என்னை மாதிரியேதாங்க."

"பாத்தீங்களா? பசிக்கிறதும் உடம்பு சேர்றதும் பாதிக்கு மேல பொறப்போட வர்றது. உங்க வழியா இவளுக்கு வந்திருக்குது. புள்ள மேல தப்பே இல்ல."

"மாத்த முடியாதுங்களா?"

"கவனமா இருந்தா கொஞ்சம் குறைக்கலாம். பொறப்ப எப்படிம்மா மாத்தறது?"

அந்தோணியம்மாள் கட்டிலில் கிடந்த மகளைப் பார்த்தாள். இந்த உடம்பைக் கொடுத்ததும் அவள்தான், கொடுத்ததற்காக அடித்ததும் அவள்தான். இந்தக் கொடுமையை எந்தச் சாமியிடம் போய்ச் சொல்வது?

வீட்டுக்கு வந்ததும் சோறு வடித்து, நெத்திலிக் குழம்பு வைத்து, பிசைந்து மகளிடம் நீட்டினாள். "துன்னு கண்ணு. இனிமே உன்னை அடிக்கவே மாட்டேன்."

ஒரு வாய் வாங்கிய பிரியதர்ஷினி எழுந்து வாசலுக்கு ஓடித் துப்பினாள். வாயைக் கொப்பளித்துவிட்டு எட்டவே நின்றாள்.

"உப்பு இருக்குதும்மா" என்றாள் பயந்துபோய். "கஞ்சியே குடும்மா. பாதி போதும்."