கோடைக் கிணற்றில் ஒரு லாரித் தண்ணீர்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முடிதிருத்தகத்தில் என் முறைக்காகக் காத்திருந்தேன். நாற்காலியில் சாய்ந்து, முகம் முழுக்க நுரையோடு கிடந்த தண்ணீர் லாரி ஓட்டுநர் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்:

"எத்தனையோ வீட்டுத் தொட்டிக்கு ஊத்தியிருக்கேன், ஓட்டலுக்கு ஊத்தியிருக்கேன். கெணத்துக்கே தண்ணி ஊத்தினது அந்த ஒரு வீட்லதான்."

"கெணத்துக்கா? எதுக்குய்யா?"

"மறுநாள் அந்தம்மா வீட்டுக்கு ஆபீசருங்க வர்றாங்களாம். கெணறு காலியா இருந்தா அசிங்கமாம்."

சவரத் தொழிலாளி கத்தியைப் பத்திரமாக அப்பால் வைத்துவிட்டுச் சிரித்தார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். வீடு திரும்பும் வழியில்தான், அந்த அலுவலர்கள் யார், எதற்கு வந்தார்கள் என்பது எனக்கு உறைத்தது. சிரிப்பு பாதி வழியில் நின்றுபோயிற்று. எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "மூடிக் கிடக்கும் பூட்டுத் தொழிற்சாலையின் பின்புறம், நிலத்தின் ஆழத்தில், ஒரு நஞ்சு மௌனமாக…"

[விட்டுவிட்டேன். நஞ்சு மௌனமாகத்தான் இருக்கும், பின்னே, பாடுமா?]

இரண்டாம் தொடக்கம்: "பூட்டின் உதிரி உறுப்புகளில் ஒட்டிய எண்ணெய்ப் பசையைக் கழுவிய கரைப்பானைப் பல்லாண்டுகளாக ஒரு குழியில் ஊற்றினார்கள். அது மண்ணைத் துளைத்து இறங்கி, ஊற்றோடு ஊற்றாகக் கலந்து, அக்கம்பக்கத்துக் கிணறுகளில் எட்டிப் பார்த்தது. ஊற்றச் சொன்னவர்களில் ஒருவர்கூட இன்று…"

[அத்தனையும் உண்மை. ஆனால் இது கதையன்று, மனு. மனுக்கள் எழுதி எழுதி என் கையெழுத்தே கெட்டுவிட்டது.]

மூன்றாம் தொடக்கம்: தையற்காரிக்கு அழுக்கு ஆகாது.

இது நிற்கிறது. இதை வைத்துக்கொள்வோம்.

3

தையற்காரிக்கு அழுக்கு ஆகாது. அவள் தைத்த துணியின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தாலும் ஒரு நூல் பிசிறு தெரியாது. வாசலில் செருப்பு கோணலாகக் கிடந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. அவள் கணவர் பூட்டுத் தொழிற்சாலையின் கழுவுகூடத்தில் வேலை பார்த்தவர். தெருவில் அவருக்குப் பெயரே 'பூட்டு'. அங்கே வேலை பார்த்ததாலா, வாயைத் திறக்காததாலா என்பது யாருக்கும் தெரியாது. இப்போது அவருக்குக் கை நடுக்கம். தேநீர்க் குவளையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குடிப்பார்.

அவர்கள் வீட்டுக் கிணறுதான் தெருவிலேயே அகலமானது. ஆகவே, தெருவுக்கு ஒரு கிணறு என்னும் கணக்கில், நீரைச் சோதிக்கும் அலுவலர்கள் அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.* அடுத்த வாரம் மாதிரி எடுக்க வருகிறோம் என்று தகவலும் சொல்லி அனுப்பினார்கள். எந்தெந்தத் தெருவின் மண்ணைத் தோண்டி அகற்றுவது, எந்தெந்தத் தெருவின் நிலத்தடி நீரை உறிஞ்சிக் கரித்தொட்டிகளில் வடிகட்டுவது, எங்கெங்கே புதிய குடிநீர்க் குழாய் போடுவது என்பதெல்லாம் மாதிரியாக எடுக்கும் அந்த ஒரு போத்தல் தண்ணீரைப் பொறுத்தே முடிவாகும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார்கள்.

தையற்காரிக்குக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள்.

உடனே ஆள்விட்டுத் தூர் வாரினாள். பாசியைச் சுரண்டி, உட்சுவருக்கு வெள்ளையடித்தாள். நடுக்கோடை. வாரிய கிணற்றில் கணுக்கால் அளவுக்குக் கலங்கிய தண்ணீர் கிடந்தது.

"ஊறிடும்" என்றார் பூட்டு.

"எப்ப? அவங்க வந்து பாத்துட்டுப் போனப்புறமா?"

அன்று மாலை லாரி தெருவுக்குள் பின்வாக்கில் வந்தது. எதிர்வீட்டு அக்காதான் குழாயின் முனையைப் பிடித்துக் கிணற்றுக்குள் விட்டாள்.

"ஏன்டி, தண்ணி பாக்க வர்றவங்களுக்குத் தண்ணி வாங்கி ஊத்துறியே! பொண்ணு பாக்க வர்றவங்களுக்குப் பக்கத்து வீட்டுப் பொண்ணக் காட்டுற மாதிரியில்ல இருக்கு!"

"நீ கொழாய நேராப் புடிக்கா. செவுத்துல அடிச்சா வெள்ளை போயிடும்."

"இந்தத் தண்ணில நானே குதிச்சுக் குளிக்கலாம் போலிருக்கே."

"குதி. அப்புறம் தூர் வார இன்னொரு ஆள் புடிக்கணும்."

தெருவே நின்று பார்த்துச் சிரித்தது.

* ஒரு தெருவில் எத்தனையோ கிணறுகள் இருக்க, ஒன்றைப் பார்த்து மற்றவற்றின் யோக்கியதையைத் தீர்மானிப்பதற்குப் பெயர் ஆய்வு. ஒரு மாணவனின் விடைத்தாளைத் திருத்திவிட்டு வகுப்பு முழுவதற்கும் மதிப்பெண் போட்டால் அந்த ஆசிரியனை வேலையைவிட்டு அனுப்பியிருப்பார்கள்; அனுப்பத்தான் வேண்டும்.

4

[இவ்விடத்தில் தையற்காரிக்குக் கருவுற்ற மகள் ஒருத்தியைக் கொடுத்திருந்தேன். தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள், அந்தக் கிணற்று நீரைத்தான் குடிக்கிறாள். அந்தப் பத்தியை முழுவதும் அடித்துவிட்டேன். ஒரு தெருவே நஞ்சைக் குடிக்கிறது என்றால் போதாதா? வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தியும் சேர்ந்து குடித்தால்தான் உங்கள் நெஞ்சு இளகுமா?]

5

மறுநாள் காலை மாதிரி எடுக்க வந்தவர் கையுறை மாட்டிக்கொண்டார். கிணற்றில் ஆளுயரத்துக்குத் தண்ணீர் நின்றது. உள்ளே வெள்ளைச் சுவர் பளபளத்தது. சுற்றுவட்டாரக் கிணறுகளெல்லாம் வாயைப் பிளந்து கிடந்த கோடையில், இது மட்டும் எப்படி என்று அவர் கேட்கவில்லை. போத்தலை இறக்கினார், நிரப்பினார், மூடினார், ஒட்டுத்தாளில் எண் எழுதினார்.

"இவ்ளோ வெயில்ல வந்திருக்கீங்க. ஒரு வாய் தண்ணி குடிக்கிறீங்களா தம்பி?"

"பரவால்லம்மா." தோள்பையிலிருந்து தம்முடைய போத்தலை எடுத்துக் குடித்தார்.

அது அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கிணற்றைப் பார்த்து அவர் தலையசைத்தது நினைவில் இனித்தது. "சுத்தமா வச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

சில வாரங்களில் முடிவு வந்தது: கண்டறியப்படவில்லை. வரைபடத்தில், நஞ்சு பரவிய பகுதிக்கு எல்லையாக ஒரு சிவப்புக் கோடு நெளிந்து வந்து, தையற்காரியின் பின்சுவரோடு நின்றது. கோட்டுக்கு அப்பால் பொக்லைன்கள் இறங்கின. மண்ணை அள்ளித் தார்ப்பாய் போர்த்திக் கொண்டுபோனார்கள். இப்பால், அவளுடைய தெருவில், ஒரு மண்வெட்டிகூட விழவில்லை.

கண்டறியப்படவில்லையாம். யாரால்? எதை, எங்கே தேடி? எழுவாயை விழுங்கிவிட்டுச் செயப்பாட்டுவினையில் ஒளிந்துகொள்ளும் இந்தத் துணிச்சலை எங்கே கற்றார்கள்? [நிற்க. கோபம் கதையை இழுத்துக்கொண்டு போகிறது.]

பின்தெருவிலிருந்து ஒருத்தி ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தாள்.

"எங்க கெணத்த மூடி சீல் வச்சுட்டாங்க. மோந்து பாத்தாலே ஒரு மாதிரி தித்திப்பா வாசன வருமே, அதான் வெஷமாம். காய்ச்சினாலும் ஆகாதாம். கொழாய் போட்டுக் குடுத்துட்டாங்க, நல்லாத்தான் இருக்கு. ஆமா, உங்க கெணறு மட்டும் எப்படித் தப்பிச்சுது? நடுவுல ஒரு செவுருதான இருக்கு?"

தையல் இயந்திரம் நின்றது. அவள் கால் மிதிபலகையின் மேல் அப்படியே இருந்தது. அந்தத் தித்திப்பு வாசனை அவளுக்கும் தெரியும். லாரித் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிப்போன சில நாட்களிலேயே அது தன் கிணற்றுக்குத் திரும்பிவிட்டதும் தெரியும்.

அன்று கணவரிடம் சொன்னாள்: "நான் ஊத்தின தண்ணியத்தான் எடுத்துட்டுப் போய்ச் சுத்தம்னு சொல்லிட்டாங்க. இந்தத் தெருவையே நான்தான் கெடுத்துட்டேன்."

பூட்டு தம் கைகளைப் பார்த்தார்.

"நான் அங்க குழியில ஊத்தினதுக்கு முன்னாடி நீ ஊத்தினது எம்மாத்திரம்?" என்றார்.

6

இங்கேதான் எனக்குப் பேனா ஓடவில்லை.

நான் எழுத நினைத்தது ஒரு நிறுவனத்தின் குற்றத்தை. எழுதியிருப்பதோ ஒரு பெண்ணின் பிழையை. இதை அச்சிட்டால் முதலில் மகிழப்போகிறவர்கள் யார் தெரியுமா? அவர்கள்தாம். படியெடுத்துக் கோப்பில் சேர்ப்பார்கள்: 'பார்த்தீர்களா, மாதிரியைக் கெடுத்தது மக்களே.' குழி வெட்டியவன் தப்பித்துக்கொள்வான். கிணற்றுக்கு வெள்ளையடித்தவள் மாட்டிக்கொள்வாள்.

லாரியை மறைத்துவிட்டு, மாதிரி எடுக்க வந்தவர் கையூட்டு வாங்கினார் என்று மாற்றி எழுதினால் என்ன? ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். சுலபமாக வந்தது. உங்களுக்கும் பிடித்திருக்கும், ஒரு கயவன் கிடைத்தால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டிய தேவையே வரவில்லை என்பதுதான் கொடுமை. முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்து, எதுவும் கேட்காமல் ஒரே ஒரு போத்தலை நிரப்பிக்கொண்டு போனாலே போதும். மீதியை நம்முடைய மானம் பார்த்துக்கொள்ளும்.

ஆகவே லாரி இருக்கட்டும். அந்த லாரியைச் சொன்னால்தான் மறுபடியும் மாதிரி எடுக்கச் சொல்லிக் கேட்க முடியும். சொன்னால் அவள்மீது பழி. சொல்லாவிட்டால் தெரு முழுவதும் அந்தத் தண்ணீர். இடையில் அவளை நிறுத்தியவன் நான். எப்படி வெளியே கொண்டுவருவது என்பது எனக்குத் தெரியவில்லை.

7

வரைபடத்துச் சிவப்புக் கோட்டை இறுதி செய்வதற்கு முன்பு ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் உண்டு. தையற்காரி அதற்குக் கிளம்பும்போது எதிர்வீட்டு அக்கா வாசலில் மறித்தாள்.

"நீ எதுக்குப் போற?"

"சொல்லிடலாம்னு இருக்கேன்கா."

"சொல்லி? சுத்தம்னு ஒரு பேப்பர் வந்ததாலதான்டி என் வீட்டுக்கு ஒரு ஆள் வந்திருக்கான். நான் வித்துட்டு மகன்கிட்டப் போயிடறேன். அப்புறம் நீ மைக் வச்சு ஊருக்கே சொல்லு."

"வாங்கறவனும் குடிக்கணும்ல?"

"ஏன், அவன் என்ன உன் கூடப் பொறந்தவனா?" குரல் தாழ்ந்தது. "இத்தன வருசம் அந்தத் தண்ணியில பொங்கித் தின்னாச்சு. இனிமே எனக்கு ஒண்ணும் புதுசா வரப்போறதில்ல. என்னப் போகவாவது விடுடி."

[அவளை வில்லியாக்க முயன்று தோற்றேன். அவள் இடத்தில் இருந்தால் நீங்கள் வேறென்ன சொல்லியிருப்பீர்கள்?]

8

முதல் முடிவு: கூட்டத்தில் தையற்காரி எழவில்லை. கோடு இறுதியாகிறது. எதிர்வீட்டுக்கு ஒரு புதுக் குடும்பம் குடிவருகிறது. முதல் வேலையாக அந்த வீட்டுப் பெண் கிணற்றில் வாளியை இறக்கி, தண்ணீரைக் குழந்தையின் வாயில்…

[போதும். முடிக்க மனம் வரவில்லை.]

இரண்டாம் முடிவு: அவள் எழுகிறாள், சொல்கிறாள். அரங்கம் கைதட்டுகிறது. அலுவலர் கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறார். கோடு நகர்கிறது. பொக்லைன் வருகிறது. எழுதிப் பார்த்தபோது அழகாக இருந்தது. அழகாக இருந்ததாலேயே கிழித்துப் போட்டேன்.

மூன்றாவது இது.

"யாருக்காவது ஆட்சேபணை இருக்கா? இல்லேன்னா முடிச்சுக்கலாம்" என்றார் கூட்டத்தை நடத்திய அலுவலர்.

தையற்காரி எழுந்தாள். சேலை மடிப்பை ஒருமுறை சரிசெய்துகொண்டாள்.

"சார், அந்தப் போத்தல்ல இருந்தது எங்க தண்ணி இல்ல. லாரித் தண்ணி. நான்தான் வாங்கி ஊத்தினேன்."

முதலில் சிரிப்புத்தான் எழுந்தது.

"கெணத்துல எதுக்கும்மா தண்ணி ஊத்தினீங்க?"

"நீங்கல்லாம் வர்றீங்கன்னுதான் சார்."

பூட்டுத் தொழிற்சாலை நிறுவனத்தின் வழக்கறிஞர் இருக்கையிலிருந்து எழாமலே பேசினார். "இது பொய்யா இருந்தா ஆட்சேபணை செல்லாது. உண்மையா இருந்தா மாதிரியக் கெடுத்ததுக்கு இவங்க மேல நடவடிக்கை எடுக்கணும். எதுன்னு இவங்களே சொல்லட்டும்."

"உண்மைதாங்க" என்றாள் தையற்காரி.

அலுவலர் கெட்டவர் அல்லர். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஒருத்தர் பேச்ச மட்டும் வச்சு மறுபடி எடுக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா. லாரி வந்தத வேற யாராவது பாத்தாங்களா? ஒருத்தர் சொன்னாப் போதும்."

பூட்டு எழுந்தார். நடுங்கும் கைகளை முன்நாற்காலியின் முதுகில் ஊன்றிக்கொண்டார். "நான் பாத்தேன்."

"நீங்க யாரு?"

"இவ வீட்டுக்காரரு."

"கணவர் சாட்சி கணக்குல வராது" என்றார் வழக்கறிஞர்.

லாரிக்காரர் வந்திருக்கவில்லை; ஆனால் தெருவே அரங்கத்தில் இருந்தது. எதிர்வீட்டு அக்கா கைப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கினாள். அது கிடைப்பதாக இல்லை. ஒருவர் கைப்பேசியைப் பார்த்தார். ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார். சிரித்த வாய்களெல்லாம் சாத்திக்கொண்டன.

9

நான் எழுந்து சொல்லலாமென்றால், என் சாட்சியும் செல்லாது. தொழிற்சாலைக் குழியையும் முடிதிருத்தகத்தில் கேட்ட ஒரு வேடிக்கைப் பேச்சையும் தவிர, மற்ற எல்லாவற்றையும் இட்டுக்கட்டியவன் நான்.

ஆனால் நீங்கள் இட்டுக்கட்டவில்லை. லாரி பின்வாக்கில் வந்ததைப் பார்த்தீர்கள். யார் குழாயைப் பிடித்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். தண்ணீர் அந்த வெள்ளைச் சுவருக்குள் ஏறி நின்றதையும் பார்த்தீர்கள். மறுக்க வேண்டாம், அந்த இடத்தில் நீங்களும் சிரித்தீர்கள்.

தையற்காரி இன்னும் உட்காரவில்லை. யாரும் உட்காரச் சொல்லவும் இல்லை. அலுவலர் கடைசி வரிசை வரைக்கும் ஒருமுறை பார்த்துவிட்டார்.

பேனாவை மூடப்போகிறார்.